நூராவோட்டம்: திறப்பை எடுத்த பிறகும் ஓடும் எஞ்சினுக்கு ஒரு சொல்

1990களின் தொடக்கம். இலங்கையின் வடக்கே, வன்னியில் முறிகண்டி. ஏ9 வீதியால் போகிற வாகனம் எதுவும் அங்கே பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டாது. மாமாவும் தன் ஒஸ்ரின் ஏ 40 காரை மரத்தடியில் ஓரங்கட்டி, திறப்பைத் திருப்பி எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். கார் நிற்கவில்லை. பொனற் குலுங்கக் குலுங்க, டொக்... டொக் டொக்... என்று இருமிக்கொண்டே ஓடியது. கச்சான் (வேர்க்கடலை) விற்கிற அம்மா சிரித்தார்.

"திறப்பு உங்கட பொக்கற்றுக்கை. அப்ப ஆர் தம்பி ஓட்டுறது?"

மாமா திரும்ப ஏறி, பெரிய கியரில் போட்டு, பிறேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளச்சை மெல்ல விட்டார். கார் ஒரு உதறல் உதறி அடங்கியது. "இப்ப நூந்துபோச்சு" என்றார்.

அந்தக் கோளாறுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று ரன்-ஒன், அதாவது நிற்பாட்டிய பிறகும் தொடர்ந்து ஓடுவது. மற்றது டீசலிங், பெற்றோல் எஞ்சின் டீசல் எஞ்சின் போல நடந்துகொள்வது. கராஜ்களில் இரண்டாவதுதான் அதிகம் புழங்குகிறது. எனக்கென்னவோ மாமா சொன்ன சொல்லே, அணைவதைக் குறிக்கிற அந்த நூர்தல்தான், இரண்டையும் விடச் சரியானது என்று படுகிறது. அதற்கு முதலில் கச்சான் அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பழைய பெற்றோல் காரில் எஞ்சின் ஓட்டத்துக்குத் திறப்பு செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். பிளக்கில் பொறி வரவைக்கிற கொயிலுக்குப் போகிற மின்சாரத்தை விடும், வெட்டும். வெட்டினால் பிளக்கில் பொறி இல்லை. பொறி இல்லாவிட்டால் தீ இல்லை, தீ இல்லாவிட்டால் ஓட்டமில்லை. ஆனால் எரிபொருளைத் திறப்பு தொடுவதே இல்லை. காற்றில் பெற்றோலைக் கலந்து விடுகிற காபரேட்டர் மின்சாரத்தைக் கேட்டு வேலை செய்கிற பொருள் அல்ல. பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை இழுத்தால், காற்றோடு கொஞ்சம் பெற்றோலும் போய்விடும். எஞ்சின் சுழன்று ஓய்கிற அந்த ஓரிரு நொடியிலும் அது நடக்கும். அந்த நேரம் உள்ளே வேறு ஏதாவது தணல்போலச் சிவந்திருந்தால், பொறி தேவையில்லை. கலவை தானே பற்றிக்கொள்ளும். அது பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் மறுபடி இழுக்கும், மறுபடி பற்றும். எந்தக் கணத்தில் பற்றுவது என்று ஒழுங்கில்லை. அதனால்தான் அந்தக் குலுக்கலும் இருமலும். சில வேளை எஞ்சின் எதிர்ப்பக்கமாகக்கூடச் சுழலும்.

சிவந்திருப்பது பெரும்பாலும் கரி. சிலிண்டர் தலையிலும் பிஸ்டன் தலையிலும் படிந்த கரி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். எஞ்சினுக்குப் பொருந்தாத, சூட்டை வேகமாகக் கடத்தாத பிளக் போட்டிருந்தால் அதன் நுனியே தணலாகிவிடும். றேடியேற்றரில் தண்ணீர் குறைந்து எஞ்சின் சூடேறியிருந்தாலும், கலவையில் பெற்றோல் குறைந்து காற்றுக் கூடியிருந்தாலும், ஐட்லிங் வேகத்தை, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுகிற வேகத்தை, அளவுக்கு மேலே ஏற்றி வைத்திருந்தாலும் இது வரும். ஐட்லிங்கை அநேகர் சந்தேகிப்பதில்லை. அக்சிலரேற்றரை மிதிக்காதபோதும் காபரேட்டரின் காற்று வால்வு கொஞ்சம் அதிகமாகத் திறந்திருந்தால், நிற்பாட்டும்போது தீனி கிடைத்துக்கொண்டேயிருக்கும்.

இனி அந்த டீசலிங். றுடோல்ஃப் டீசல் 1858இல் பாரிசில் பிறந்த ஜெர்மன் பொறியியலாளர். 1892இல் காப்புரிமை கேட்டார். 1897இல் அவுக்ஸ்பூர்க்கில் அவருடைய எஞ்சின் ஒழுங்காக ஓடியது. அதன் உத்தி, காற்றை மட்டும் உள்ளே எடுத்து, பதினாறு, இருபது மடங்கு வரை நெருக்குவது. நெருக்கிய காற்று 500 பாகை செல்சியசையும் தாண்டிக் கொதிக்கும். அதற்குள் எண்ணெயைப் பீச்சினால் பொறியே வேண்டாம். (1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கச்சான் எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். முறிகண்டி அம்மாவுக்கு அது தெரிந்திருந்தால் விலையைக் கூட்டியிருப்பார்.)

மாமாவின் காரோ ஏழு மடங்கு அளவில்தான் நெருக்கும். பெற்றோலை நெருக்கத்தால் மட்டும் பற்றவைக்க அது போதாது. பற்றவைப்பது கரித்தணல். டீசல் எஞ்சினில் தணலுக்கு வேலையில்லை. தணலால் பற்றவைக்கிற எஞ்சின் ஒன்று டீசலுக்கு முன்பே இருந்தது. ஹேர்பெர்ட் அக்ரொய்ட் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயர் செய்தது. சிலிண்டரோடு ஒட்டிய உலோகக் குமிழ் ஒன்றை விளக்கால் சூடாக்கி, அந்தச் சூட்டில் எண்ணெயைப் பற்றவைப்பார்கள். ஓடத் தொடங்கிய பிறகு குமிழ் தன் சூட்டிலேயே இருக்கும். நம் கோளாறு அதன் தம்பிதான். நியாயப்படி பெயர் அந்த மனிதருக்குப் போயிருக்க வேண்டும், டீசலுக்குப் போய்விட்டது.

ஆனால் வன்னியில் டீசலிங் என்ற பெயர் ஓரளவு பொருந்திய ஒரு காலம் இருந்தது. யுத்த காலத்துப் பொருளாதாரத் தடை. பெற்றோல் என்பது மருந்துபோலச் சின்னப் போத்தலில் வைத்திருக்கிற சாமானாகிவிட்டது. காரும் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. பெற்றோல் உறைகுளிரிலும் தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடும், மண்ணெண்ணெய்க்கு 38 பாகையாவது வேண்டும். அதனால் காபரேட்டர் வாயில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை. வாகனம் போய் வெகு நேரமான பிறகும் வீதியில் குப்பி விளக்கு மணக்கும்.

சூடான எஞ்சினிலோ நிலைமை தலைகீழ். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு மிகக் குறைவு. ஒக்ரேன் என்றால் எரிபொருளின் பலம் என்று நினைப்பவர்கள் உண்டு. பலமல்ல, பொறுமை. நெருக்கினாலும் சூடாக்கினாலும் பொறி வரும்வரை பற்றாமல் காத்திருக்கிற பொறுமை. இப்போது நாம் அடிக்கிற 92, 95 என்ற எண்கள் அந்தப் பொறுமையின் அளவுகள். மண்ணெண்ணெய்க்கு அது கிடையாது. சூடான சிலிண்டருக்குள் ஏழு மடங்கு நெருக்கமே அதற்குப் போதுமாயிருக்கும். போதாக்குறைக்கு மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் கரியை அப்பிவிடும். ஆகவே அந்தக் காலத்துக் கார்கள் திறப்பை எடுத்தபின் ஓடியதை ஒரு கோளாறு என்றே யாரும் நினைக்கவில்லை. பெரிய கியர், பிறேக், கிளச். அதுதான் நிற்பாட்டுகிற முறை. எரியாமல் வழிந்த மண்ணெண்ணெய் கீழே எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீர்போல ஆக்கியது வேறு கதை.

சரி, தமிழில் என்ன சொல்வது? "டீசலாக்கம்" என்றால் எதையோ டீசலாக மாற்றுவதுபோல இருக்கிறது. "பின்னோட்டம்" என்று சொல்லிப் பார்த்தேன். எஞ்சின் சில வேளை உண்மையிலேயே எதிர்ப்பக்கம் சுழல்வதால் குழப்பம் வரும். "தொடரோட்டம்" பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியை நினைவூட்டுகிறது. "தன்னோட்டம்" அழகான சொல்தான், ஆனால் அதில் கோளாறு தெரியவில்லை. ஏதோ புது வசதி என்று விளம்பரம் போடலாம்.

நூர் என்ற வினைக்கு வருவோம். விளக்கை நூர், அடுப்பை நூர்த்துப்போட்டு வா, லைற் நூந்துபோச்சு என்பதெல்லாம் எங்கள் பக்கத்தில் அன்றாடப் பேச்சு. தமிழ்நாட்டில் அணை, அவி என்கிற இடத்தில் நாங்கள் நூர் என்போம். வண்டியையும் அப்படியே நூர்க்கிறவர்கள் உண்டு. தீர்ந்தது, தீர்த்தது போல இதற்கும் இரண்டு வடிவம். நூர்ந்தது என்றால் தானாக அடங்கியது. நூர்த்தது என்றால் ஒருவர் அடக்கியது. பேச்சில் நூந்தது, நூத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் கோளாறு முழுவதும் இருக்கிறது. மாமா நூர்த்தார், கார் நூரவில்லை. ஆங்கிலத்தில் நீளமாக விளக்க வேண்டியதைத் தன்வினையும் பிறவினையும் சொல்லிவிடுகின்றன. அதோடு, நூர்த்தல் என்பது தீயோடு சேர்ந்த சொல். நிறுத்துதல், ஓஃப் பண்ணுதல் எல்லாம் எந்தப் பொருளுக்கும் பொருந்தும். நூர் என்றதும் உள்ளே ஒரு நெருப்பு இருக்கிறது என்பது காதில் விழுகிறது.

வாடா மலர், ஓயா மழை என்பதுபோல நூரா ஓட்டம். சேர்த்து எழுதினால் நூராவோட்டம். தமிழ்நாட்டு வாசகருக்கு அணையா ஓட்டம் என்றால் விளங்கும். இரணைமடுக் குளத்துப் பக்கம் அணை என்றதும் அணைக்கட்டு நினைவுக்கு வரும் என்பதால் நான் நூரையே வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் திறப்பை எடுத்த பிறகும் ஓடுகிற எல்லாவற்றையும் நூராவோட்டம் என்று சொல்லிவிடக் கூடாது. பொனற்றுக்குள் சத்தம் கேட்டது என்று பதறி வருகிறவர்களில் பலருக்கு ஓடுவது றேடியேற்றர் ஃபான் மட்டும்தான். சூடு தணிந்ததும் அது நின்றுவிடும். பல கார்களில் அது அப்படி ஓடத்தான் வேண்டும்.

எஞ்சினே ஓடினால், எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள். குலுங்கி, தட்டி, இருமி ஓடினால் நூராவோட்டம். ஒன்றுமே நடக்காததுபோலச் சீராக ஓடினால் தீ நூராதது அல்ல பிரச்சினை, மின்சாரம் வெட்டுப்படவில்லை. திறப்புப் போடுகிற சுவிச் தேய்ந்திருக்கலாம், றிலே ஒட்டியிருக்கலாம். பழைய காரில் டைனமோவைக் கழற்றி ஆல்டனேற்றர் பூட்டி, எலெக்ரோனிக் இக்னிசனும் போட்டிருந்தால், சார்ஜ் லைற் வழியாக மின்சாரம் திரும்பி வந்து ஓட்டத்தைத் தக்கவைப்பதுண்டு. அந்த வயரில், மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோட் ஒன்றைப் போட்டால் தீரும். இரண்டில் எது என்று உறுதிப்படுத்த ஒரு ரெஸ்ற் லாம்ப் போதும். திறப்பை எடுத்த பிறகும் கொயிலின் பொசிற்றிவ் பக்கத்தில் அது எரிந்தால் வயர்மன்தான் பார்க்க வேண்டும். எரியாவிட்டால் காபரேட்டரையும் கரியையும் பார்க்க வேண்டும்.

80களின் ஜப்பான் கார்களில் இன்னொன்றும் உண்டு. இந்தக் கோளாறுக்காகவே காபரேட்டரில் ஒரு சின்ன சொலனொயிட், அதாவது மின்சாரத்தால் ஊசியை நகர்த்துகிற கருவி, வைத்திருப்பார்கள். திறப்பை எடுத்ததும் ஐட்லிங் வழியை அது அடைத்துவிடும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை ஒன் பண்ணி ஓஃப் பண்ணும்போது காபரேட்டர் பக்கம் "டிக்" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வயர் கழன்றிருக்கலாம், அல்லது முன்பு திருத்தியவர் ஊசியை எடுத்து எறிந்திருக்கலாம். பெற்றோலை இன்ஜெக்டர் பீச்சுகிற இப்போதைய கார்களில் திறப்பு எரிபொருளையே வெட்டிவிடுகிறது. இன்ஜெக்டர் ஒழுகினால் ஓரிரு இருமலோடு சரி.

டீசல் வாகனத்துக்கு இந்தச் சொல்லே பொருந்தாது. பழைய உழவு மெசினில் திறப்பை எடுத்தாலும் எஞ்சின் ஓடத்தான் செய்யும். அது கோளாறல்ல. ஸ்ரொப் கேபிளை இழுத்து எண்ணெயை வெட்டினால்தான் நிற்கும். கேபிளை இழுத்தும் நிற்காமல், தானாகவே வேகம் ஏறி, புகை கக்கிக்கொண்டு அலறினால் அது வேறு, ஆபத்தான சங்கதி. தேய்ந்த பிஸ்டன் றிங் வழியாகவோ, காற்றை அமுக்கி அனுப்புகிற ரேர்போ வழியாகவோ தன் எஞ்சின் ஒயிலையே அது குடிக்கத் தொடங்கியிருக்கிறது. எரிபொருளை வெட்டிப் பயனில்லை. காற்றுப் போகிற வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையால் அல்ல, சாரத்தாலும் அல்ல, இழுத்துவிடும். அடைக்க வழியில்லையென்றால் ஆட்களைத் தூரப் போகச் சொல்லிவிட்டு நீங்களும் விலக வேண்டும்.

மாமாவின் ஏ 40இல் தடை போன பிறகு தலையைக் கழற்றிக் கரி சுரண்டினார்கள். சுரண்டியது ஒரு சிரட்டை நிறைய வந்தது. அப்புறம் பெற்றோலில் ஓடிய அந்தக் கார் திறப்பைத் திருப்பியதும் பேசாமல் நூர்ந்தது. மாமா மட்டும் பழக்கதோஷத்தில் இறங்குவதற்கு முன் பெரிய கியரில் போட்டு வைப்பதை விடவில்லை.