நகரமயமாதலா, நகரமயமாக்கலா?

சிங்கப்பூரில் புவியியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறோம். அதனால் 'அர்பனைசேஷன்' என்ற சொல் வாயில் சரளமாக வந்துவிடும். தமிழில் சொல் என்றால்தான் திணறல். நகரமயமாதல், நகரமயமாக்கல், நகராக்கம், நகர்மயம் என்று பல சொற்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நகரமயமாதல் அதிகம். இலங்கைத் தமிழில் நகராக்கம். எதை எடுத்துக்கொள்வது?

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். ஒரு நாட்டு மக்களில் நகரங்களில் வசிப்போரின் பங்கு கூடிக்கொண்டே போவதைத்தான் இச்சொல் குறிக்கிறது. நகரம் பெருப்பது வேறு, பங்கு கூடுவது வேறு. சிங்கப்பூரில் இந்தப் பங்கு 100 விழுக்காடு. மக்கள்தொகை 6 மில்லியனைத் தாண்டினாலும் அந்தப் பங்கு மேலும் உயர வழியில்லை. கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் கதையே வேறு: மலேசியாவில் 1970இல் 28.4 விழுக்காடாக இருந்தது, 2020இல் 75.1 விழுக்காடு. வேகமான நகரமயம் என்றால் இதுதான்.

'அர்பனைசேஷன்' என்பதன் மூலச்சொல் இலத்தீன் 'உர்ப்ஸ்', அதாவது நகரம். இதை நம் 'ஊர்' உடன் முடிச்சுப் போட்டு மகிழ்பவர்கள் உண்டு. ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவு ஆகிவிடாது. பார்சலோனாவின் விரிவாக்கத்தைத் திட்டமிட்ட பொறியாளர் இல்தெஃபோன்ஸ் செர்தா, 1867இல் வெளியிட்ட நூலில் 'அர்பனைசேஷன்' என்பதன் ஸ்பானிய வடிவத்தைக் கையாண்டார். அவருக்கு அது திட்டமிட்டு நகரைக் கட்டும் வேலையின் பெயர். மக்கள்தொகைக் கணக்கர்கள் கையில் வந்தபிறகே தானாக நடக்கும் மாற்றத்தையும் அது குறிக்கத் தொடங்கியது.

தமிழ்ப் பக்கம் வந்தால், சங்கப் பாடல்களில் 'நகர்' பெரும்பாலும் மாளிகையைக் குறிக்கும். 'நெடுநகர்' என்றால் உயர்ந்த பெரிய வீடு. அச்சொல் தமிழா வடமொழியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 'மயம்' வடமொழி ஒட்டுதான், சந்தேகமில்லை. 'எல்லாம் சிவமயம்' என்கிறோமே, அதே மயம். அதைத் தவிர்க்க 'நகராதல்' என்று எழுதிப் பாருங்கள், 'நகராத' பேருந்துதான் நினைவுக்கு வரும். தவிர, கட்டடம் மட்டுமல்லாமல் வாழ்க்கை முறையே நகரமாகிப் போவதை 'மயம்' அழகாகச் சொல்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆதலா ஆக்கலா என்பதில்தான் எனக்கு விஷயமே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டுக்கும் போதும். தமிழில் தானாக நடந்ததா, யாரோ நடத்தினார்களா என்று சொல்லியாக வேண்டும்.

சிங்கப்பூரில் நடந்தது சந்தேகமில்லாமல் ஆக்கல். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ குடியிருப்பில் மூண்ட தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள்; அதே நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. 1966இல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம் மீதி வேலையை முடித்தது. அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கம்பத்து, அதாவது கிராமத்து, வீடுகளில், கோழியும் முருங்கையுமாக இருந்த குடும்பங்கள் மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பழகின. குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் வீட்டுக்குள் வந்தன என்பதை மறந்துவிட்டுக் கம்பத்தை நினைத்து உருகுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் விலையும் இருந்தது. பிடாடரியில் இடுகாட்டைத் தோண்டியெடுத்து அப்புறப்படுத்தினார்கள். இப்போது அங்கே வீடுகள். சுவா சூ காங் இடுகாட்டில் அடக்கம் செய்தாலும் 15 ஆண்டுகள்தான். அதன்பின் தோண்டி எடுத்துவிடுவார்கள். இரவில் நகர்ப்பகுதிக்கும் மரம் அடர்ந்த பகுதிக்கும் வெப்பநிலை 7 டிகிரி வரைகூட வேறுபடுகிறது.

ஜகார்த்தாவில் பெரும்பாலும் ஆதல். வேலை தேடி மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள், குழாய்த் தண்ணீர் அவர்களைத் துரத்திப் பிடிக்கவில்லை. வீடுகளும் ஆலைகளும் நிலத்தடி நீரை உறிஞ்ச, வட ஜகார்த்தாவின் தரை இறங்கிக்கொண்டே போகிறது. மழைவெள்ளம் வடிய வழியில்லை.

நகரவாசிகளின் பங்கு கூடுவதற்குப் பிறப்பு, குடிபெயர்வு இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். மூன்றாவது ஒன்று உண்டு: யாரும் இடம் மாறாமலே, நேற்றுவரை கிராமம் எனக் கணக்கிடப்பட்ட இடம் இன்று நகரப் பட்டியலில் ஏறிவிடுவது. மலேசியாவின் ஜோகூரில் செம்பனைத் தோட்டம் இருந்த இடத்தில் 'தாமான்' எனப்படும் குடியிருப்புப் பேட்டை வீடுகள் வரிசை கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இந்த இடத்தில் மலேசியத் தமிழர்களின் ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: 'தோட்டத் துண்டாடல்'. 1950களில் பெரிய ரப்பர்த் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றபோது, தொழிலாளிக்கு வேலையும் போனது, தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த வீடும் போனது. அதைத் தடுக்கத்தான் அன்றைய மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பணத்திலேயே தோட்டங்களை வாங்கவைத்தார். பின்னாளில் தோட்டங்கள் ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் கைமாறியபோது இன்னும் பலர் நகர விளிம்புக்கு வந்து சேர்ந்தார்கள். கணக்கேட்டில் இதுவும் நகரமயமாதல்தான். ஆனால் அவர்கள் தாமாகவா வந்தார்கள்? 'ஆதல்' என்ற சொல் இங்கே தள்ளியவனை மறைத்துவிடுகிறது.

ஆகவே என் தேர்வு இது. புள்ளிவிவரம், பொதுப்போக்கு என்றால் நகரமயமாதல். அரசோ நிறுவனமோ திட்டம் போட்டுச் செய்தால் நகரமயமாக்கல். தலைப்புக்கு இடம் போதாவிட்டால் நகராக்கம். நகரம் பக்கவாட்டில் படர்வதை மட்டும் சொல்ல 'நகர விரிவு' போதும், அதற்கு மயம் வேண்டாம். இந்தோனேசியா 2022இல் சட்டம் இயற்றிக் கிழக்குக் கலிமந்தானில் நுசந்தாரா என்ற புதிய தலைநகரைக் கட்டுகிறதே, அதை நகரமயமாதல் என்று எழுதினால் அடித்துத் திருத்திவிடலாம்.