பவர் மோடுக்குப் பயம், நியூட்ரலுக்குப் பயமில்லை

கிளிநொச்சியில் என் கராச்சுக்கு ஒட்டோ கியர் கார் கொண்டு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "தம்பி, பவர் பட்டனை அமத்தி ஓடினா எஞ்சின் கெதியாப் போயிடுமோ?" போகாது. பெற்றோல் மிச்சம் பிடிக்கும் ஈகோ மோடில் எக்ஸிலேட்டரை வழக்கம்போல மிதித்தாலும் எஞ்சின் நிதானமாகத்தான் எழும்பும், கியர் முந்தியே மாறும், பல கார்களில் ஏசியும் கொஞ்சம் அடங்கும். பவரில் கியர் பிந்தி மாறும், சுற்று கூடும், சூடும் பெற்றோல் செலவும் கூடும். அவ்வளவுதான். எஞ்சினின் உச்சச் சுற்றைத் தாண்ட கம்பியூட்டர் விடாது. ஏ9 வீதியில் லொறியை முந்த வேண்டுமென்றால் ஈகோவில் திணறாமல் பவரைப் போட்டு முந்திவிட்டு அணைத்துவிடுங்கள்.

கியர் பொக்ஸைக் கெடுப்பது வேறு பழக்கங்கள். மாங்குளம் தாண்டி றோட்டு நேராக ஓடுகிறது, நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சம் என்று நினைக்கிறார்கள். மிச்சமில்லை. டியில் (ட்ரைவ் கியரில்) ஓடும்போது எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், ஓடுகிற வேகத்திலேயே எஞ்சின் சுற்றுவதால் இன்றைய கார்கள் பெற்றோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்கப் பெற்றோல் வேண்டும். அந்த வேகத்தில் திரும்ப டிக்குப் போட்டால் உள்ளே கிளச்சுக்குத்தான் அடி. அக்வா, ப்ரியஸ் போன்ற ஹைபிரிட்டில் நியூட்ரலில் பற்றரியும் ஏறாது.

மாரியில் கிரவல் ஒழுங்கைகளில் புதைந்தால் இன்னும் மோசம். விட்ஸ், வேகன் ஆர் பலவற்றில் இருப்பது சிவிடி: இரண்டு கப்பிகளுக்கு நடுவே இரும்புப் பெல்ட் ஓடும் கியர் பொக்ஸ், பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது ஒயில் அழுத்தம். சேற்றில் வெறுமனே சுழலும் டயர் சட்டென்று நிலத்தைப் பிடித்தால் பெல்ட் வழுக்கிக் கப்பியைக் கீறிவிடும். கார் நிற்பதற்குள் டிக்கும் ரிவேர்ஸுக்கும் மாற்றி மாற்றி ஆட்டாதீர்கள். டயருக்குக் கீழே கல்லோ பலகையோ வைத்து மெதுவாக ஏற்றுங்கள்.

பிறகு உழவு இயந்திரம் வரும், கயிறு கட்டுவார்கள். சேற்றிலிருந்து மேலே இழுத்துவிடும் வரை சரி. அப்படியே வீடு வரை இழுத்துப் போகாதீர்கள். பெரும்பாலான ஒட்டோ கியர்களில் எஞ்சின் ஓடினால்தான் ஒயில் பம்ப் வேலை செய்யும், அணைந்த காரில் பற்சக்கரங்கள் ஒயிலில்லாமல் தேயும். முன்சக்கரம் இழுக்கும் காரென்றால் முன்பக்கத்தைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

ஒயில் மாற்றும்போது போத்தலை நீங்களே பாருங்கள். சிவிடிக்குச் சாதாரண ஒட்டோ கியர் ஒயிலை ஊற்ற விடாதீர்கள். கையேடு ஜப்பான் மொழியில் இருந்தால், சேசி நம்பரை வைத்து எந்த வகை என்று தேடி எடுக்கலாம்.