ஸ்க்ரீனை போட்டோ புடிக்காதீங்க, லாக் போடுங்க

சென்னை ஓஎம்ஆர்ல எந்த ஐடி ஆபீஸ் நைட் ஷிப்ட்லயும் இதை பாக்கலாம். சர்வர்ல எர்ரர் வந்தா தம்பி டக்குனு போனை எடுத்து மானிட்டரை போட்டோ புடிச்சு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுவாரு, பாத்தா பாதி ஸ்க்ரீன்ல டியூப்லைட் வெளிச்சம், தேவையான வரி மேல ஓடிப் போயிருக்கும். காலைல ஆர்சிஏ, அதாவது பிரச்சனைக்கு மூல காரணம் சொல்ற ரிப்போர்ட், எழுத உக்காந்தா "அடிச்ச கமாண்ட் எல்லாம் ஹிஸ்டரில இருக்குல்ல"ம்பாங்க. ஹிஸ்டரில நீங்க அடிச்சதுதான் இருக்கும், அதுக்கு சர்வர் என்ன சொல்லுச்சுன்னு இருக்காதுங்க.

சர்வர்ல லாகின் ஆனதும் ஸ்க்ரிப்ட்னு (script) அடிச்சு பக்கத்துல ஒரு பைல் பேர் குடுங்க, அதுக்கப்புறம் ஸ்க்ரீன்ல வர்றதெல்லாம் அந்த பைல்ல பதிவாகும். 3.0 பிஎஸ்டிங்கற பழைய யூனிக்ஸ் காலத்துல வந்த பழைய கமாண்ட், இன்னிக்கும் அதுதான் கை குடுக்குது. பேர் குடுக்கலன்னா டைப்ஸ்க்ரிப்ட்னு அதுவே ஒரு பைல் போட்டுக்கும், அடுத்த தடவை அது மேலயே எழுதி பழசை அழிச்சிடும், அதனால பேர்ல தேதியும் சர்வர் பேரும் வைங்க. லினக்ஸ்ல மைனஸ் எஃப் (-f) சேத்துக்கங்க, வர வர பைல்ல எழுதிடும், நடுராத்திரி விபிஎன் புட்டுக்கிச்சுன்னாலும் அதுவரைக்கும் வந்தது மிஞ்சும். முடிக்கும்போது எக்ஸிட் அடிச்சு "ஸ்க்ரிப்ட் டன்"னு வருதான்னு பாருங்க, நடுவுல சூடோ போட்டு ரூட்டா மாறியிருந்தா முதல் எக்ஸிட் அதுலேருந்துதான் வெளிய வரும்.

ஒரே ஒரு கமாண்டுக்குன்னா, வர்றதை ஸ்க்ரீன்லயும் காட்டி பைல்லயும் எழுதற டீ (tee) கமாண்ட் போதும், ஆனா எர்ரர் மெசேஜ் பைலுக்கு போகாது, அதையும் சேத்து அனுப்ப டீக்கு போற பைப் குறிக்கு முன்னாடி 2>&1 போடணும். இதை விட்டுட்டு "லாக்ல எர்ரரே இல்லையே சார்"னு வந்து நிக்கறவங்க நெறைய. சர்வருக்குள்ள போக விண்டோஸ்ல யூஸ் பண்ற புட்டி (PuTTY) சாஃப்ட்வேர்ல செஷன் லாகிங் சும்மா விட்டா ஆஃப்ல தான் இருக்கும், ஒரு தடவை ஆன் பண்ணி டீஃபால்ட் செட்டிங்ஸ்ல சேவ் பண்ணிடுங்க.

இப்ப நான் பயப்படற விஷயத்துக்கு வரேன். பாஸ்வேர்ட் கேட்டு நீங்க அடிக்கறது ஸ்க்ரீன்ல தெரியாததால லாக்லயும் சாதாரணமா வராது. ஆனா மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் கமாண்டுக்கு மைனஸ் பி-யோட (-p) ஒட்டியே பாஸ்வேர்டை அடிச்சா, இல்ல கான்ஃபிக் பைலை கேட் (cat) கமாண்ட் போட்டு பாத்தா, எல்லாம் அப்படியே பைல்ல உக்காந்திருக்கும். நெறைய சர்வர்ல அந்த பைல் 644 பர்மிஷன்லதான் உருவாகும், அதாவது அந்த டைரக்டரிக்குள்ள வர முடிஞ்ச யாரும் படிக்கலாம். ஆரம்பிக்கும்போதே யூமாஸ்க் (umask) 077 வைங்க, புது பைலை நீங்க மட்டும் படிக்கற மாதிரி உருவாக்கும், டிக்கெட்ல அட்டாச் பண்றதுக்கு முன்னாடி பாஸ்வேர்ட், டோக்கன்னு கிரெப் (grep) கமாண்ட் போட்டு தேடுங்க. டெம்ப் போல்டர்ல மட்டும் விட்டுட்டு வராதீங்க.