சுளுக்குதானே என்று விட்ட கணுக்கால்

சென்ற வாரம் வியாசர்பாடியிலிருந்து வந்த 19 வயதுக் கால்பந்து வீரருக்கு, அதே வலது கணுக்கால் இரண்டு ஆண்டுகளில் ஐந்தாவது முறையாக மடங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் நீவிவிட்டு, கட்டுப் போட்டு, வீக்கம் வடிந்த கையோடு மைதானத்துக்குப் போயிருக்கிறார். "சுளுக்குதானே சார், பத்து நாள்ல சரியாயிடும்" என்றார் உடன் வந்த மாமா. பிசியோதெரபிஸ்டாக நான் கேட்டுச் சலித்த வாக்கியம் இது.

வீக்கம் வடிவதற்கும் கணுக்கால் தேறுவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பேச்சுவழக்கில் ஜவ்வு எனப்படும் லிகமென்ட் எலும்புகளைப் பிணைப்பதோடு, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தியையும் நரம்புகள் வழியாக மூளைக்கு அனுப்புகிறது. வெளிப்புற லிகமென்ட் கிழியும்போது அந்தச் செய்தி மங்கிவிடுவதால், பாதம் உட்புறமாகச் சாயும் கணத்தில் அதை இழுத்து நிறுத்த வேண்டிய கெண்டைக்காலின் வெளிப்புறத் தசைகள் தாமதமாகவே விழித்துக்கொள்கின்றன. வலி நின்றபின்பும் இந்தத் தாமதம் நீடிக்கிறது. நீவினால் அது போகாது. கணுக்காலில் மாட்டும் ஆங்கிள் பேண்ட் விளையாடும்போது நல்ல துணைதான். ஆனால் அதை மாட்டிக்கொண்டு பயிற்சியைக் கைவிடுபவரின் தசைகள் எதையும் புதிதாகக் கற்பதில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில், தலைச்சுமையோடு கீழே பார்க்க முடியாமல் நடப்பவர்களிடமும் இதே கதையைக் காண்கிறேன்.

கால் மடங்கியவுடன் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் மொட்டு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ, யாரையும் நீவ விடாமல் முதலில் எக்ஸ்ரே எடுங்கள். எலும்பு முறிவு இல்லையென்றால், தாங்கக்கூடிய அளவுக்குப் பாதத்தை ஊன்றி நடக்கத் தொடங்கலாம்.

பிறகு செய்ய வேண்டியவை எளியவை, ஆனால் அலுப்பூட்டுபவை. குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுவதும், ரப்பர் பட்டையைப் பாதத்தால் வெளிப்புறமாக இழுப்பதும், குதிகாலைத் தூக்கி நிற்பதும் முதற்கட்டம். அடுத்து ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்க வேண்டும். அது கைவந்தபின் சுவரோரமாகக் கண்ணை மூடியும், பிறகு தலையணை மேலும், அதற்கும் பிறகு பந்தைப் பிடித்து எறிந்துகொண்டும் நிற்க வேண்டும். துள்ளலும் வளைந்தோடுவதும் கடைசியில்தான். குறைந்தது ஆறு வாரமாவது இதைத் தொடர வேண்டும். பலர் எம்.ஆர்.ஐ. படத்தை நீட்டுகிறார்கள், நானோ முதலில் அந்தக் காலில் மட்டும் நிற்கச் சொல்கிறேன், ஐந்து விநாடியில் இடுப்பும் கைகளும் ஆடத் தொடங்கிவிடும்.

மாதக்கணக்கில் முறையாகப் பயின்றும் கால் தொடர்ந்து மடங்கினால், லிகமென்ட்டைத் தைத்துச் சீராக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. அதன்பின்பும் இதே பயிற்சிகள்தான், தப்பிக்க வழியில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது என்றார் அந்தத் தம்பி. மறுத்துவிட்டேன். தினமும் காலையில் பல் துலக்கும்போது அவரை வலது காலில் மட்டும் நிற்கவைக்கும் பொறுப்பை மாமாவிடமே ஒப்படைத்திருக்கிறேன்.