கோப்பு வடிவமே முதல் கேள்வி: வீட்டுக் கணினிக்குக் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டுக் கணினிக்கு ஒரு மென்பொருளைத் தேடும்போது அதில் என்னென்ன வசதிகள் உள்ளன, அது இலவசமாகக் கிடைக்கிறதா என்றுதான் பெரும்பாலோர் முதலில் பார்க்கிறார்கள். இவை கேட்கவேண்டிய கேள்விகளே. ஆனால் அந்த மென்பொருளில் நாம் செய்யும் வேலை எந்த வடிவத்தில் வட்டில் பதிகிறது, அந்த வடிவத்தை வேறொரு நிரலாலும் படிக்க முடியுமா என்பதை இவற்றுக்கு முன்னால் கேட்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மென்பொருளைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடுகிறோம். அதில் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் பல பத்தாண்டுகள் நம்மிடம் இருக்கவேண்டியவை.

மனிதர்கள் எழுதும் நிரல் மூலநிரல் எனப்படும். அதைச் செயலி நேரடியாக நிறைவேற்றக்கூடிய எண்வரிசையாகத் தொகுப்பி என்ற மென்பொருள் மாற்றித் தருகிறது. இந்த மாற்றத்தின்போது எழுதியவர் இட்ட விளக்கக் குறிப்புகள் அனைத்தும், மதிப்புகளைத் தாங்கும் மாறிகளுக்குச் சூட்டிய பெயர்களில் பெரும்பாலானவையும் உதிர்ந்துவிடுகின்றன. எனவே எண்வரிசையை மட்டும் பெற்றவர் நிரலை இயக்கலாம். அது உள்ளே என்ன செய்கிறது என்று அறிவதும், பழுதைத் திருத்துவதும் அவருக்கு மிகக் கடினம். 1983 செப்டம்பரில் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் மாற்ற விரும்பியது இந்த நிலையைத்தான். எந்த நோக்கத்துக்காகவும் நிரலை இயக்குவது, அதை ஆராய்ந்து மாற்றுவது, பிறருக்குப் படியெடுத்துக் கொடுப்பது, மாற்றிய வடிவத்தையும் கொடுப்பது ஆகிய நான்கு உரிமைகளையும் பயனருக்கு வழங்குவதே கட்டற்ற மென்பொருள். 1998இல் பரவத் தொடங்கிய ‘திறமூலம்’ என்ற சொல், நோக்கத்தை விளக்கும் விதத்தில் வேறுபட்டாலும், நடைமுறையில் ஏறக்குறைய இதே மென்பொருள்களையே குறிக்கிறது. விலையின்றிப் பதிவிறக்கக் கிடைப்பதாலேயே ஒரு மென்பொருள் இவ்வகையில் சேர்ந்துவிடாது. குனூ பொது உரிமம், மோசில்லா பொது உரிமம், அப்பாச்சி உரிமம், எம்ஐடி உரிமம் போன்ற ஒன்றின்கீழ் அது வெளியிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

மூலநிரலை ஒருபோதும் திறந்து பார்க்கப்போகாத ஒருவருக்கு இந்த உரிமைகளால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. கடிதம், கணக்கு முதலியவற்றைத் தயாரிக்க உதவும் லிப்ரெஆபீஸ் என்ற அலுவலகத் தொகுப்பின் வரலாறு அதற்கு நல்ல விடை. ஸ்டார்ஆபீஸ் என்ற அலுவலகத் தொகுப்பை 1999இல் வாங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ், மறு ஆண்டே அதன் மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்து ஓபன்ஆபீஸ் வளர்ந்தது. 2010 ஜனவரியில் சன் நிறுவனம் ஆரக்கிள் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. திட்டத்தின் எதிர்காலம் பற்றிக் கவலைகொண்ட பங்களிப்பாளர்களில் பலர் அதே ஆண்டு செப்டம்பரில் அந்த மூலநிரலை எடுத்துக்கொண்டு லிப்ரெஆபீஸ் என்ற பெயரில் தனியே தொடர்ந்தார்கள். இதைக் கிளைத்தல் என்பார்கள். உரிமம் இடம் கொடுத்ததால் அவர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவேண்டியிருக்கவில்லை. பயனர்களும் தங்கள் பழைய கோப்புகளைப் புதிய நிரலில் அப்படியே திறந்து வேலையைத் தொடர முடிந்தது.

அவ்வாறு தொடர முடிந்ததற்குக் கோப்பு வடிவம் ஒரு முக்கியக் காரணம். இவ்விரு நிரல்களும் பயன்படுத்தும் திறந்த ஆவண வடிவத்தின் முழு விவரக்குறிப்பும் வெளிப்படையானது. 2006இல் அது பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரமாகவும் ஆனது. இந்த வடிவத்தில் சேமித்த கடிதத்தைப் படியெடுத்து, படியின் பெயர் இறுதியில் உள்ள நீட்சியை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். அது உண்மையில் ஒரு சுருக்கப்பட்ட பொட்டலம் என்பது தெரியும். உள்ளே நீங்கள் எழுதிய சொற்கள் ஒரு கோப்பிலும், எழுத்துருவும் ஓரங்களும் பற்றிய குறிப்புகள் இன்னொன்றிலும், ஆவணத்தின் தலைப்பு, தேதி முதலியவை மற்றொன்றிலும் இருக்கும். எல்லாம் எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் அமைந்த வெற்றுரை. எந்த எளிய உரைத்திருத்தியிலும் படிக்கலாம். நாளை எல்லா அலுவலகத் தொகுப்புகளும் மறைந்துபோனாலும் உங்கள் சொற்களை மீட்டெடுக்க முடியும்.

மைக்ரோசாஃப்ட் வேர்டின் இன்றைய கோப்புகளும் இவ்வாறே பொட்டலமாகக் கட்டப்பட்ட எக்ஸ்எம்எல்தான். அப்படியிருந்தும் அவற்றை லிப்ரெஆபீஸில் திறக்கும்போது பக்க அமைப்பு கலைவது ஏன் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். கோப்பில் எழுத்துருவின் பெயர் மட்டுமே பெரும்பாலும் இருக்கும். எழுத்துரு கணினியில் இருக்கவேண்டும். அது இல்லையென்றால் நிரல் வேறொன்றை இட்டு நிரப்புகிறது. புதிய எழுத்துருவின் எழுத்துகள் சற்றே அகலமாக இருந்தாலும் வரியின் கடைசிச் சொல் அடுத்த வரிக்கு இறங்குகிறது. அப்படி இறங்கிய சொற்கள் சேர்ந்து ஒரு பத்தியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடுகின்றன. இதற்காகவே அகலத்தில் ஒத்துப்போகும் கட்டற்ற எழுத்துருக்களை உருவாக்கியிருக்கிறார்கள்: காலிப்ரிக்கு ஈடாகக் கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்கும் ஏரியலுக்கும் ஈடாக லிபரேஷன் குடும்பம். இவற்றை நிறுவினாலே சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடுவதுண்டு. மொத்தத் தொகுப்பையும் குறைசொல்லி விலக்குவதற்கு முன் இதைச் செய்து பார்க்கவேண்டும்.

மற்ற வேலைகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஓவியம் வரையும் இங்க்ஸ்கேப் தன் ஓவியங்களை இணையத் தரமான எஸ்விஜி வடிவத்தில் வைக்கிறது. படங்களைத் திருத்தும் கிம்ப் தனக்கென ஒரு வடிவம் வைத்திருந்தாலும் பிஎன்ஜி, ஜேபெக் வடிவங்களில் ஏற்றுமதி செய்யும். கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கீபாஸ்எக்ஸ்சியின் கோப்பை வேறு பல நிரல்களும் திறக்கும். காணொளிக்கு விஎல்சி போதும்.

அடுத்ததாக, மென்பொருள் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். தேடுபொறியில் பெயரைத் தட்டி முதலில் வரும் இணைப்பை அழுத்துவது ஆபத்தானது. அசலைப் போலத் தோன்றும் போலி நிறுவிகள் அங்கே காத்திருக்கலாம். லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைத் தேவையான மென்பொருள்களோடு சேர்த்துத் தரும் தொகுப்புகளான லினக்ஸ் வழங்கல்கள் இதற்குக் கண்ட தீர்வு அழகானது. அவற்றில் ஒன்றான டெபியனை எடுத்துக்கொண்டால், அதன் மென்பொருள் களஞ்சியத்தில் உள்ள ஒவ்வொரு பொதிக்கும், அதாவது நிறுவத்தக்க மென்பொருள் கோப்புக்கும், எஸ்எச்ஏ-256 என்ற கணிப்பால் ஒரு கைரேகை எடுக்கப்படுகிறது. பொதி எத்தனை பெரியதானாலும் கைரேகை 64 குறிகள் கொண்டது. பொதியில் ஒரு பிட் மாறினாலும் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். இந்தக் கைரேகைகளைத் தாங்கிய பட்டியலுக்கும் ஒரு கைரேகை உண்டு. அது இடம்பெறும் முதன்மைக் கோப்பில் டெபியனின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் திறவுகோல் இயங்குதளத்தோடு முன்பே உங்கள் கணினிக்கு வந்துவிட்டதால், இடையில் எந்தச் சேவையகம் களவாடப்பட்டாலும் மாற்றப்பட்ட பொதியை நிறுவ உங்கள் கணினி மறுத்துவிடும். விண்டோஸில் இருப்பவர்கள் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்கி, அங்கே கையொப்பம் தரப்பட்டிருந்தால் சரிபார்ப்பது நல்லது.

மூலநிரல் திறந்திருப்பதாலேயே பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று எண்ணக்கூடாது. 2024 மார்ச்சில் தரவைச் சுருக்கப் பிற நிரல்கள் பயன்படுத்தும் எக்ஸ்இசட் என்ற நிரல் நூலகத்தின் இரண்டு பதிப்புகளில், அயலார் கணினிக்குள் இரகசியமாக நுழைய உதவும் ஒரு கள்ளவழி கண்டுபிடிக்கப்பட்டது. நெடுங்காலம் உதவி செய்து நம்பிக்கையைப் பெற்ற ஒரு பராமரிப்பாளரின் பெயரிலேயே அது நுழைந்திருந்தது. வேறொரு கணினியிலிருந்து வலைவழி உள்நுழையும் தொலைநுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற நிரலாளர், காரணத்தைத் தேடிப் போய் அதைக் கண்டார். நிரல் திறந்திருந்ததால்தான் ஒரு வெளியாளால் அடிவரை தோண்டிப் பார்க்க முடிந்தது. சோதனைநிலை வழங்கல்கள் சிலவற்றுக்கு அந்தப் பதிப்புகள் சென்றிருந்தாலும் நன்கு சோதித்த பிறகே வெளிவரும் டெபியனின் நிலைத்த வெளியீட்டை அவை எட்டவில்லை. இதனால்தான் வீட்டுக் கணினிக்கு ஆகப் புதியதை விட்டுவிட்டு நிலைத்த வெளியீட்டையே நான் பரிந்துரைக்கிறேன். ஒரு திட்டத்தின் கடைசி வெளியீடு எப்போது வந்தது, பராமரிப்பவர் ஒருவர்தானா, பிழை அறிக்கைகளுக்கு மறுமொழி வருகிறதா என்பவற்றையும் நிறுவும் முன் பார்த்துவிடலாம்.

இயங்குதளத்தை மாற்றுவதைக் கடைசியாக வைத்துக்கொள்வதே எளிது. பயர்பாக்ஸ், லிப்ரெஆபீஸ், விஎல்சி, கிம்ப் ஆகியவை விண்டோஸிலும் மேக்கிலும் இயங்குபவை; இருக்கும் கணினியிலேயே சில மாதங்கள் பழகிக்கொள்ளலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதாலும், விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் பல பழைய கணினிகளில் இல்லாததாலும், லினக்ஸை நோக்கிப் பலர் இப்போது திரும்புகிறார்கள். அவர்கள் முதலில் வழங்கலைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். அப்போது இயங்குதளம் பென்டிரைவிலிருந்து நினைவகத்துக்கு வந்து இயங்குகிறது. நிறுவும்படி நாம் சொல்லாதவரை வட்டில் உள்ளவை மாறுவதில்லை. வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, மூடித் திறந்தால் உறக்கத்திலிருந்து எழுவது ஆகியவற்றை அந்த நிலையில் சோதிக்கவேண்டும். உங்கள் மிகப் பழைய கோப்புகளையும் அங்கேயே திறந்து பாருங்கள். திறக்க மறுக்கும் கோப்பு ஏதேனும் இருந்தால், அதை உருவாக்கிய பழைய மென்பொருள் இன்னும் இயங்கும்போதே திறந்த வடிவம் ஒன்றுக்கு மாற்றி, வேறொரு வட்டில் படியெடுத்து வைத்த பிறகே நிறுவலைத் தொடங்கவேண்டும்.