சப்பாத்துப் பெட்டியில் வரும் குருவிகள்

ஒக்டோபர் பிறந்தால் எங்கள் கிளினிக்குக்குச் சப்பாத்துப் பெட்டிகள் வரத் தொடங்கும். மூடியில் பேனாவால் குத்திய ஓட்டைகள், மேலே ஒரு ரப்பர் பேண்ட். கொண்டு வருவது பெரும்பாலும் பாடசாலைப் பிள்ளை, இல்லாவிட்டால் ஏதாவது கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்க்கும் பையன். "சும்மா கெடந்துச்சு டொக்டர், அடிபட்ட மாதிரியும் தெரியல" என்பார்கள். திறந்தால் உள்ளே ஒரு குருவி, கண்ணை அரைவாசி மூடி, உடம்பைப் பந்துபோல் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எங்கே கிடந்தது என்று கேட்பேன். ஜன்னலுக்குக் கீழே என்று பதில் வரும். அதற்குமேல் விசாரிக்க ஒன்றும் இல்லை.

நான் நுவரெலியா மாவட்டத்தில் கால்நடை வைத்தியர். அன்றாட வேலை பசுவும் நாயும்தான். பேராதனையில் படித்த காலத்தில் பறவை என்றால் எங்களுக்குப் பெரும்பாலும் கோழி. காட்டுக் குருவிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி இந்தப் பெட்டிகள் சொல்லிக்கொடுத்தது.

ஒருமுறை தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, பெட்டியை மேசையில் வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வீட்டுல வந்து மோதி விழுந்திருக்கே டொக்டர், கெட்ட சகுனமா?" மகன் கொழும்பிலிருந்து பணம் அனுப்பி, முன்னறைக்குப் புதிதாகப் பெரிய கண்ணாடி ஜன்னல் போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சகுனம் அந்த ஜன்னல்தான் என்று சொன்னேன். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கண்ணாடி நம் கண்ணுக்கும் தெரிவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? சட்டம், கைப்பிடி, விரல் தடம், திரைச்சீலை இவற்றைப் பார்த்து இங்கே கண்ணாடி இருக்கிறது என்று ஊகித்துக்கொள்கிறோம். சுப்பர் மார்க்கெட் கதவில் மூக்கை இடித்துக்கொண்டவர்களுக்கு அந்த ஊகம் தவறும் விதம் தெரியும். குருவிக்கு அந்தப் பாடமே கிடையாது. காட்டில் நிமிர்ந்து நிற்கும் எதுவும் வானத்தைக் காட்டாது. குளம் காட்டும், ஆனால் அது படுத்துக் கிடக்கும். ஆகவே நிமிர்ந்து நிற்கும் ஒன்றில் வானமும் மரமும் தெரிந்தால், குருவியைப் பொறுத்தவரை அங்கே வானமும் மரமும்தான் இருக்கின்றன.

வெளியே வெளிச்சமும் உள்ளே இருட்டுமாக இருக்கும்போது ஜன்னல் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். மலைநாட்டில் இதற்கென்றே ஒரு நேரம் உண்டு. காலையில் மூட்டம் விலகிச் சட்டென்று வெயில் அடிக்கும். குளிரில் ஒடுங்கிக் கிடந்த குருவிகள் எல்லாம் ஒரேயடியாக இரை தேடக் கிளம்பும். எதிரே உள்ள தேயிலை மலை அப்படியே ஜன்னலில் விழுந்திருக்கும். எனக்கு இந்த விஷயமாக வரும் போன் அழைப்புகளில் பெரும்பாலானவை காலை ஏழுக்கும் பத்துக்கும் இடையில்தான். இன்னொரு வகை, மூலை ஜன்னல். இந்தப் பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கத் தோட்டம் தெரியும். குறுக்குவழி என்று நினைத்து உள்ளே பாயும். ஜன்னலோரம் வைத்த பூச்சட்டியும் இதே வேலையைச் செய்யும்.

உயரமான கட்டடங்கள்தான் குருவிகளைக் கொல்கின்றன என்று ஒரு நினைப்பு இருக்கிறது. கொழும்புக் கோபுரங்களைப் பார்த்து வந்த நினைப்பாக இருக்கலாம். அமெரிக்காவில் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 365 மில்லியன் முதல் 988 மில்லியன் வரை பறவைகள் சாகின்றன என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் மாடிக் கோபுரங்களின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பாதிக்குச் சற்றுக் குறைவானவை செத்தது சாதாரண வீடுகளில். மீதி தாழ்ந்த கட்டடங்களில். குருவி பறப்பது மர உயரத்தில்தானே.

இங்கே பழைய பங்களாக்களைப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்து ஜன்னல், மரச்சட்டம் போட்டுச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்தது. அந்தச் சட்டங்களே பிம்பத்தை வெட்டிவிடும். தூரத்திலிருந்து வரும் குருவிக்கு அது கம்பி வேலிபோல் தெரியும். பழைய பங்களாக்களிலிருந்து எனக்குப் பெட்டி வருவது அபூர்வம். பெட்டி வருவதெல்லாம் கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் எழும்பிய வீடுகளிலிருந்து. அலுமினியச் சட்டம், தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி. இப்போது யாரைக் கேட்டாலும் 'வியூ' வேண்டும் என்கிறார்கள்.

ரம்பொடைப் பக்கம் அப்படி ஒரு கெஸ்ட் ஹவுஸ். முதலாளி நல்ல மனிதர். வாரத்துக்கு மூன்று நான்கு குருவி விழுகிறது, வெளிநாட்டு விருந்தினர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கண்ணாடியின் நடுவில் இரண்டு கழுகுப் படங்கள் ஒட்டியிருந்தன. அதில் ஒன்றுக்கு ஒரு சாண் தள்ளி, மரகதப்புறா மோதிய தடம் இறகுத் தூளில் அச்சடித்ததுபோல் இருந்தது, விரித்த சிறகு இரண்டும் உட்பட. கழுகுப் படம் குருவியைப் பயமுறுத்தாது. அசையாத கழுகுக்கு எந்தக் குருவியும் பயப்படுவதில்லை. படம் ஒட்டிய இடத்தை மட்டும் அது தவிர்க்கும், மிச்சக் கண்ணாடி அதற்குத் திறந்த வெளி.

"உள்ளே திரை போட்டிருக்கிறோமே டொக்டர்" என்றார். அவரை வெளியே கூட்டிப்போய் நிற்க வைத்தேன். திரை தெரியவே இல்லை, மரமும் மேகமும்தான் தெரிந்தன. பிம்பம் விழுவது கண்ணாடியின் வெளிமுகத்தில். ஆகவே எதைச் செய்தாலும் வெளிப்பக்கம்தான் செய்ய வேண்டும். உள்ளே ஒட்டுவது பெரும்பாலும் நம் மனத் திருப்திக்குத்தான்.

இதைச் சோதனை செய்து சொன்னவர்களில் முக்கியமானவர் டானியல் க்ளெம் என்ற அமெரிக்கப் பறவையியலாளர். 1970கள் தொட்டு இதையே ஆராய்ந்தவர். அவரும் பின்னால் வந்தவர்களும் கண்டது, இடைவெளிதான் எல்லாம் என்பது. குறிகளுக்கு இடையே இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அதைவிட அகலமானால் சின்னக் குருவி நுழைந்துவிடலாம் என்று கணக்குப் போடும். மேலிருந்து கீழாக ஓடும் கோடுகள் என்றால் நான்கு அங்குலம்வரை விடலாம். புள்ளியோ கோடோ, எந்த உருவமும் சரி, கண்ணாடி முழுவதும் இருக்க வேண்டும்.

முதலாளிக்கு நான் சொன்னது கயிறு. கறுப்பு நைலோன் கயிற்றை வாங்கி, ஜன்னலுக்கு வெளியே மேல் சட்டத்திலிருந்து நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகத் தொங்கவிடுவது. கீழே கட்டக்கூட வேண்டாம், காற்றில் ஆடினால் இன்னும் நல்லது. வியூ போய்விடும் என்று முறைத்தார். ஒரு ஜன்னலுக்கு மட்டும் கட்டிப் பாருங்கள் என்றேன். உள்ளே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறவரின் கண் பத்து நிமிடத்தில் கயிற்றை மறந்துவிடுகிறது. இப்போது மலையைப் பார்த்த ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் கட்டியிருக்கிறார். மூலை ஜன்னலுக்கு மட்டும் இன்னும் மனம் வரவில்லை; அங்கிருந்து இடைக்கிடை ஒரு பெட்டி வருகிறது.

கயிறு பிடிக்காதவர்கள் மரக்கறித் தோட்டத்துக்குப் போடும் மெல்லிய வலையைக் கண்ணாடியிலிருந்து நான்கைந்து அங்குலம் தள்ளி விறைப்பாக இழுத்துக் கட்டலாம். தொய்வாக விட்டால் குருவி சிக்கிக்கொள்ளும், அது இன்னொரு தலைவலி. குருவிக்குச் சோறோ பழமோ வைக்கிற பழக்கம் இருந்தால் அந்தத் தட்டை ஜன்னலுக்கு மூன்று அடிக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் முப்பது அடிக்கு அப்பால். கிட்ட இருந்தால் வேகம் பிடிக்குமுன்பே கண்ணாடியைத் தொட்டுவிடும். நடுத்தூரம்தான் ஆபத்து.

ஒக்டோபர் என்று தொடங்கினேன் அல்லவா, அதற்குக் காரணம் ஆறுமணிக் குருவி. சிங்களத்தில் அவிச்சியா. பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வால் குட்டை, அடியில் சிவப்பு. இந்தியாவிலிருந்து மாரிகாலத்துக்கு இங்கே வரும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் இதைப் பார்க்கவென்றே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இது பயணம் செய்வது இரவில். மூட்டமான இரவில் கட்டட வெளிச்சம் அதைக் குழப்பி இழுத்துவிடும். விடியற்காலை வராந்தாவில் கிடக்கும். ஒக்டோபர், நவம்பரில் வெளி விளக்குகளை இரவு பத்துக்கு மேல் அணைத்துவிட்டால் போதும், மின்சாரப் பில்லும் குறையும். தோட்டத்துக்கு அடிக்கும் அந்தப் பெரிய ஃப்ளட் லைட்டை நள்ளிரவில் யார் பார்க்கப் போகிறார்கள்?

மோட்டர் சைக்கிள் கண்ணாடியையும் ஜன்னலையும் திரும்பத் திரும்பக் கொத்தும் குண்டுக்கரிச்சான் வேறு கதை. கூடு கட்டும் காலத்தில் தன் உருவத்தையே எதிராளி என்று நினைத்துச் சண்டை பிடிக்கிறது. அது சாகாது, களைத்துத்தான் போகும். சைக்கிள் கண்ணாடிக்கு ஒரு சொப்பிங் பேக், ஜன்னலுக்கு வெளியே பழைய பத்திரிகை, சில வாரம் போதும்.

சரி, குருவி விழுந்துவிட்டது. என்ன செய்வது?

தலை தொங்குவதைப் பார்த்ததும் கழுத்து முறிந்துவிட்டது என்பார்கள். அநேகமாக இல்லை. நமக்குக் கழுத்தில் 7 எலும்பு, சின்னக் குருவிக்கு ஏறக்குறைய இரு மடங்கு. அந்தக் கழுத்து எப்போதுமே அப்படித்தான் வளையும். கொல்வது மூளைக்குள் கசியும் இரத்தம். பத்துக் கிராம் எடையுள்ள வெள்ளைக்கண்ணிக் குருவியின் உடம்பில் மொத்தமாக ஒரு மில்லி லீற்றர் அளவு இரத்தம்தான் இருக்கும், அதில் எவ்வளவு கசிய இடம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே மூடியில் ஓட்டை போட்ட பெட்டி, அடியில் ஒரு துணி, இருட்டு, சத்தமில்லாத மூலை. பூனைக்கு எட்டாத மூலை. ஒன்று இரண்டு மணி நேரம். பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் திறந்து பார்க்காமல் இருந்தாலே பாதி வைத்தியம் முடிந்தது. அப்புறம் பெட்டியை வெளியே கொண்டுபோய், மரங்கள் இருக்கும் பக்கம் வைத்து மூடியைத் திறவுங்கள். மேலே தூக்கி எறிய வேண்டாம். அறைக்குள் திறந்தால் அடுத்த ஜன்னலில் போய் மோதும்.

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு தேன்சிட்டுக்குக் குளுக்கோஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பறவைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கும். மயங்கிக் கிடப்பதால் விழுங்கவும் முடியாது. மோதலில் தப்பியிருக்கக்கூடியது என் கையில் மூச்சடைத்துச் செத்தது.

இரண்டு மணி நேரத்துக்குப் பின்னும் பறக்காவிட்டால், ஒரு சிறகு தாழ்ந்து தொங்கினால், கண் வீங்கியிருந்தால் மட்டும் வைத்தியரிடம் கொண்டு போங்கள், அல்லது வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூட்டில் போட்டு வளர்க்க நினைக்காதீர்கள். இந்தக் குருவிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

இவ்வளவும் சொல்கிற என் கிளினிக்கின் முன் கண்ணாடியில் போன வருடம் ஒரு வெள்ளைக்கண்ணி வந்து மோதியது. நானே கவனிக்காத ஜன்னல், எதிரே முள்ளு முருங்கை பூத்திருந்தது. அன்றைக்குக் கையில் இருந்தது சவர்க்காரக் கட்டி மட்டும். அதை வைத்து வெளிப்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். மழை பெய்தால் கரைந்துவிடும். சனிக்கிழமைகளில் எங்கள் உதவியாளர் தம்பி மறுபடி இழுக்கிறார். கோணல் மாணலாக இருக்கிறது என்று வருகிறவர்கள் கேலி செய்கிறார்கள்.