மருத்துவர் அதிபரானார், காய்ச்சலை விரட்டியது குழாய்த் தண்ணீர்

கப்பல் வேலைக்குப் போகும் பையன்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் கேட்க வரும்போது, பலரும் ஒரே கேள்வியைத்தான் வைக்கிறார்கள். "சார், பனாமா கால்வாயைத் தாண்டத்தான் போறோம். கரையில காலே வைக்க மாட்டோம். அதுக்கும் ஊசியா?" விதி அப்படி என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். கொஞ்சம் உட்கார நேரம் இருப்பவர்களுக்கு மனுவேல் அமடோர் கெர்ரேரோ என்ற டாக்டரைப் பற்றிச் சொல்வேன். பனாமா என்ற நாட்டின் முதல் அதிபர் அவர். அந்த மண்ணில் ஐம்பது வருடம் வைத்தியம் பார்த்தவர்.

1833இல் கொலம்பியாவின் கார்த்தகேனா அருகே துர்பாகோ என்ற ஊரில் பிறந்தார். மருத்துவம் படித்துவிட்டு 1855இல் பனாமாவுக்கு வந்தார். அப்போது பனாமா கொலம்பியாவோடு சேர்ந்த ஒரு மாகாணம். அதே ஆண்டு ஜனவரியில்தான் அட்லாண்டிக் கரையையும் பசிபிக் கரையையும் இணைக்கும் ரயில் பாதை முடிந்திருந்தது. கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போகிறவர்கள் சாரை சாரையாக வந்து இறங்கிய காலம். அமடோர் அந்த ரயில்வே கம்பெனியின் மருத்துவராகவும் இருந்தார், நகரத்தின் சாந்தோ தோமாஸ் மருத்துவமனையிலும் பார்த்தார். நடுவில் அரசியலில் இறங்கி, பிடிபட்டு, நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்த கதையும் உண்டு.

அந்தக் கரையில் வைத்தியம் பார்த்தவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் பழகிப்போன நோய். திடீரென்று காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, இடுப்பு வலி. மூன்று நான்கு நாளில் காய்ச்சல் விடும், நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். பலருக்கு அதோடு சரியாகிவிடும். சிலருக்கு ஒரு நாள் கழித்துக் கண் மஞ்சளாகும், ஈறில் ரத்தம் கசியும், வாந்தி கறுப்பாக வரும். அப்படிப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைப்பதில்லை. நடுவில் வரும் அந்த ஓய்வை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர் டெங்குவிலும் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். "ஜுரம் விட்டுடுச்சே டாக்டர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று உறவினர்கள் நிற்பதும் அப்போதுதான். வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் ஜில்லிடுவது, அசதியாகச் சுருண்டு படுப்பது இதில் எது இருந்தாலும் கூட்டிப் போகாதீர்கள்.

1881இல் பிரெஞ்சுக்காரர்கள் கால்வாய் வெட்ட வந்தார்கள். அவர்களுடைய தலைமை அதிகாரி ஜூல் டிங்க்லெர், குடிகாரர்களுக்கும் ஒழுக்கம் கெட்டவர்களுக்கும்தான் இந்த நோய் வரும் என்று நம்பியவர். குடும்பத்தோடு வந்தார். முதலில் மகள், பிறகு மகன், மகளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை, கடைசியில் மனைவி என்று வரிசையாகப் பறிகொடுத்தார். நோயாளியின் நடத்தையில் குற்றம் தேடுகிற புத்தி இன்றைக்கும் போகவில்லை, அது வேறு விஷயம். பிரெஞ்சுக் காலத்தில் மட்டும் சுமார் 22,000 பேர் நோயிலும் விபத்திலும் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள்.

அங்கோன் குன்றின் மீது அவர்கள் கட்டிய மருத்துவமனை பார்க்க அழகாக இருந்தது. தோட்டத்துச் செடிகளை எறும்பு தின்னாமலிருக்க, ஒவ்வொரு செடியைச் சுற்றியும் தண்ணீர் நிற்கும் மண் வளையம் வைத்தார்கள். வார்டில் கட்டில் கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார்கள். ஜன்னலில் வலை கிடையாது. எறும்பு ஏறவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழேயும் கொசு முட்டையிட்டது. வேறு நோய்க்காகப் படுத்தவர் மஞ்சள் காய்ச்சலில் செத்தார். அதே 1881இல்தான் கியூபாவின் ஹவானாவில் கார்லோஸ் ஃபின்லே என்ற மருத்துவர், இதைப் பரப்புவது கொசு என்று சொன்னார். இருபது ஆண்டுகள் யாரும் காது கொடுக்கவில்லை. சதுப்பு நிலத்து நச்சுக் காற்று, அழுகல் நாற்றம் என்றே மருத்துவ உலகம் பேசிக்கொண்டிருந்தது. 1900இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட்டின் குழு நிரூபித்த பிறகுதான் ஃபின்லே சொன்னது எடுபட்டது.

இனி அரசியல். பிரெஞ்சுக்காரர்கள் கைவிட்ட வேலையை எடுத்துக்கொள்ள அமெரிக்கா போட்ட ஒப்பந்தத்தை, 1903 ஆகஸ்டில் கொலம்பிய செனட் நிராகரித்தது. பனாமாவில் சிலர் பிரிந்துபோவது என்று முடிவெடுத்தார்கள். அமெரிக்காவின் ஆதரவைத் தேடி நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டவர் அமடோர். அவருடைய மகன் ராவுல் அமெரிக்க ராணுவத்தில் மருத்துவர்; உடம்பு சரியில்லாத மகனைப் பார்க்கப் போகிறேன் என்பது வெளியே சொன்ன காரணம். டாக்டர் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்! போன இடத்தில் ஒருவர் கையை விரித்ததும் "ஏமாற்றம்" என்று ஊருக்குத் தந்தி கொடுத்தார். பிறகு பிரெஞ்சு எஞ்சினியர் ஃபிலிப் புனோ-வாரில்லாவைச் சந்தித்ததும் "நம்பிக்கை" என்று இன்னொரு தந்தி. வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலின் 1162ஆம் அறையில் திட்டம் பேசி முடித்தார்கள். அப்போது அமடோருக்கு வயது 70.

நவம்பர் 3 காலை கொலம்பியச் சிப்பாய்கள் சுமார் 500 பேர் கோலோன் துறைமுகத்தில் இறங்கினார்கள். அமடோரின் பழைய ரயில்வே கம்பெனி அங்கே கை கொடுத்தது. தளபதிகளை மட்டும் மரியாதையாகத் தனிப் பெட்டியில் ஏற்றிப் பனாமா நகரத்துக்கு அனுப்பிவிட்டு, படைக்கு ரயில் இல்லை என்று இழுத்தடித்தார்கள். தலையையும் உடம்பையும் இப்படிப் பிரிக்கலாம் என்ற யோசனை அமடோரின் மனைவி மரியா தெ லா ஒஸ்ஸாவுடையது என்று சொல்வார்கள். நாட்டின் முதல் கொடியைத் தைத்தவரும் அவர்தான். தளபதிகள் அன்று மாலையே கைதானார்கள். கொலம்பியப் பீரங்கிப் படகு வீசிய குண்டில் ஒரு சீனரும் ஒரு கழுதையும் செத்தார்கள். வேறு உயிர்ச்சேதம் இல்லை. அமெரிக்கப் போர்க்கப்பல் முந்தின நாளே வந்து நின்றிருந்தது.

விலை பின்னால் வந்தது. அமடோரும் ஃபெடரிக்கோ பாய்டும் ஒப்பந்தம் பேச வாஷிங்டன் போய்ச் சேருவதற்குச் சில மணி நேரம் முன்பு, நவம்பர் 18 அன்று புனோ-வாரில்லா பனாமாவின் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ரயில் நிலையத்திலேயே சேதி சொன்னார். பெரியவருக்குத் தலை சுற்றிவிட்டது என்பார்கள். 1 கோடி டாலர் ரொக்கம், ஆண்டுக்கு 2,50,000 டாலர், பதிலுக்குப் பத்து மைல் அகலக் கால்வாய் மண்டலம், என்றென்றைக்கும். இதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். மருத்துவனான என் கண் நிற்பது ஏழாவது ஷரத்தில். பனாமா, கோலோன் நகரங்களின் சுகாதாரத்தை அந்நாட்டு அரசு சரியாகக் கவனிக்கவில்லை என்று தோன்றினால் அமெரிக்காவே புகுந்து அமல்படுத்தலாம் என்கிறது அது. மருத்துவர் ஒருவர் அதிபராகும் நாட்டில், சாக்கடைக்கும் தண்ணீருக்குமான அதிகாரம் அவர் பதவி ஏற்கும் முன்பே கைமாறிவிட்டது. 1904 பிப்ரவரி 20இல் அமடோர் பதவியேற்றார்.

அதிகாரத்தை வாங்கியவர்களும் உடனே எதையும் செய்துவிடவில்லை. ஹவானாவில் மஞ்சள் காய்ச்சலை ஒழித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கோர்கஸ் 1904இல் பனாமா வந்தார். கொசு வலை கேட்டார், புகை போட ஆள் கேட்டார். கொசுக் கதை சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்பது மேலிடத்தின் எண்ணம். தெருவைப் பெருக்கி வெள்ளையடித்தால் போதும் என்றார்கள். 1905இல் நோய் வெடித்தது, அதுவும் கால்வாய் நிர்வாகக் கட்டடத்துக்குள்ளேயே. அங்கே தேடியபோது கடிதப் பிரதி எடுக்கும் தூரிகைகளை நனைக்க மேஜைகளில் வைத்திருந்த சின்னக் கிண்ணங்களில் கொசுப்புழு நெளிந்தது. ஊழியர்கள் கிடைத்த கப்பலில் ஏறி ஓடினார்கள்.

அதன் பிறகு வந்த தலைமை எஞ்சினியர் ஜான் ஸ்டீவன்ஸ், கோர்கஸ் கேட்டதையெல்லாம் கொடுத்தார். வீடு வீடாகப் புகை போட்டார்கள். நோயாளியை முதல் சில நாள் வலைக்குள் வைத்தார்கள், ஏனென்றால் அப்போதுதான் அவர் ரத்தத்திலிருந்து கொசு கிருமியை எடுக்கும். ஆனால் என் கணக்கில் எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை குழாய்தான். பனாமா நகரத்தில் வீட்டுக்கு வீடு மழைத் தண்ணீரைப் பீப்பாய்களில் பிடித்து வைத்துக் குடித்தார்கள். ஏடிஸ் எஜிப்தி கொசுவுக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. சாக்கடையை அது விரும்பாது. தெளிந்த, தேங்கிய தண்ணீர்தான் வேண்டும். 1905 ஜூலையில் குழாய்த் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் பீப்பாய்க்கு வேலை இல்லாமல் போனது. நவம்பர் 11இல் பனாமா நகரத்தின் கடைசி நோயாளி பதிவானார். அமடோர் பதவிக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

ஐம்பது வருடம் அங்கே இருந்த உள்ளூர் மருத்துவர்கள் இதை ஏன் முன்பே செய்யவில்லை என்று கேட்பது நியாயமில்லை. கொசு என்றே தெரியாத காலம் அது. இன்னொன்றும் உண்டு. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சின்ன வயதில் லேசாக வந்து போய்விடும், பிறகு ஆயுளுக்கும் வராது. சாகிறவர்கள் எல்லாம் வந்தேறிகள். அதனால் ஊர்க்காரர்களுக்கு அது வெளியாள் நோய், தங்கள் வீட்டுப் பீப்பாய்க்குச் சம்பந்தமில்லாத நோய்.

அந்தப் பீப்பாய்தான் இன்று நம் வீட்டில் நீல பிளாஸ்டிக் டிரம்மாக நிற்கிறது. கொசுவும் அதே ஏடிஸ் எஜிப்தி. இங்கே மஞ்சள் காய்ச்சல் இல்லை, டெங்கு இருக்கிறது. கொசு ஒழிப்புப் பணியாளர் டார்ச் அடித்துப் பார்க்க வரும்போது, "எங்க வீட்ல சுத்தமாத்தான் இருக்கு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். உங்கள் சுத்தமான தண்ணீரைத்தான் அவர் பார்க்க வந்திருக்கிறார். ஃப்ரிட்ஜ் பின்னாலிருக்கும் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், மொட்டை மாடியில் கிடக்கும் டயர், மூடி உடைந்த சின்டெக்ஸ் எல்லாம் ஒன்றுதான். வாரம் ஒரு முறை காலி செய்யுங்கள், ஆனால் கொட்டுவதோடு விடாதீர்கள். முட்டை பாத்திரத்தின் உள் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. கொசு இங்கே தயாராக இருக்கிறது, கிருமி மட்டும்தான் வரவில்லை. அதனால்தான் பனாமா உள்ளிட்ட நாடுகளிலிருந்து சான்று இல்லாமல் வருகிறவரை இந்தியா 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கிறது. துறைமுகத்தைத் தொட்ட கப்பலுக்கும் விதி உண்டு, நீங்கள் கரை இறங்கினீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஊசி ஒன்றுதான், ஆயுளுக்கும் செல்லும். பழைய சான்றில் 10 ஆண்டு என்று போட்டிருந்தாலும் 2016க்குப் பிறகு அது ஆயுள் சான்றுதான். போட்ட 10 நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும் என்பதால், கிளம்புவதற்கு முந்தின நாள் ஓடி வந்து பயனில்லை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போல அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டும் போடுங்கள். ஏஜென்ட் "ஊசி இல்லாமலே மஞ்சள் புத்தகம் வாங்கித் தரேன்" என்றால் நம்பாதீர்கள். முட்டைக்குக் கடுமையான அலர்ஜி, எச்ஐவி, புற்றுநோய் சிகிச்சை, ஸ்டீராய்டு மாத்திரை, கர்ப்பம், 60க்கு மேல் வயது இவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. போடக் கூடாதவர்களுக்கு அதற்கான விலக்குச் சான்று எழுதித் தர வழி இருக்கிறது.